சொல்யூஷன் வாசனையும் அம்மாவின் கால் மதமதப்பும்

கேள்வி: டாக்டர், நாங்கள் ஆம்பூரில் இருக்கிறோம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்மாவுக்கு 44 வயது. இரண்டு வருடமாக வீட்டிலேயே செருப்புப் பட்டைகளுக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டிக் கொடுக்கிறார். ஜோடிக் கணக்கில் கூலி. காற்றுப் பட்டால் சொல்யூஷன் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்வார், ஃபேனும் போடமாட்டார். நான்கைந்து மாதமாக இரண்டு காலிலும் விரல் நுனியிலிருந்து மதமதப்பு. செருப்பு கழன்று போனாலும் தெரிவதில்லை. மாடிப்படியில் இரண்டு முறை இடறிவிட்டார். சாயந்தரமானால் தலைவலி. பசியில்லை, இளைத்துவிட்டார். சர்க்கரை பார்த்தோம், இல்லை. வைட்டமின் ஊசி போட்டும் குறையவில்லை. எனக்குச் சொல்யூஷன் மேல்தான் சந்தேகம். "தெருவில் எத்தனை பேர் ஒட்டுகிறார்கள், வாசனைக்கா கால் மரத்துப்போகும்?" என்கிறார் அப்பா. வேலை முடிந்ததும் பாலும் வெல்லமும் சாப்பிட்டால் முறிந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. மாஸ்க் போட்டால் போதுமா? அக்கா நாலு மாதக் கர்ப்பம், அடுத்த மாதம் இங்கே வருகிறாள். அம்மாவுக்குப் பதிலாக லீவு நாளில் நான் ஒட்டிக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் சந்தேகம் சரியாக இருப்பதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது. அம்மாவை நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூடிய அறை, இரண்டு வருடச் சொல்யூஷன், இரண்டு காலிலும் ஒரே மாதிரி விரலில் தொடங்கிய மதமதப்பு, கூடவே பசியின்மையும் இளைப்பும் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, பசையைக் கரைக்கச் சேர்க்கும் ஹெக்ஸேன் என்ற திரவத்தின் பெயர்தான். அதனால் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அம்மா இன்றைக்கே ஒட்டுகிற வேலையை நிறுத்தட்டும்.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நாம் வாசனை என்று சொல்வது வெறும் வாசனை இல்லை. சொல்யூஷன் ஏன் காய்கிறது? அதிலிருக்கும் ரப்பரைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது, பசை மட்டும் பட்டையில் தங்குகிறது. ஒரு டின் சொல்யூஷன் தீர்ந்தது என்றால் அந்த டின்னின் பெரும்பகுதி அந்த அறையின் காற்றில் போயிருக்கிறது. ஜன்னல் சாத்தியிருந்தால் அது போவதற்கு இடம் ஏது? அம்மாவின் நுரையீரல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. குடித்தால் விஷம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையே மூச்சில் இழுக்கும்போது மட்டும் வாசனை என்கிறோம்.

இன்னொன்று, மூக்கை நம்ப முடியாது. தொடர்ந்து ஒரே நெடியில் இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே மூக்குக்குப் பழகிவிடும். வெளியிலிருந்து வருகிற உங்களுக்குக் குப்பென்று அடிப்பது அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. ஹெக்ஸேனுக்கு லேசான பெட்ரோல் வாடைதான், அதிலும் பசையைக் கரைக்கிற இன்னொரு திரவமான டொலுயீனின் இனிப்பான நெடி சேர்ந்தால் அது அமுங்கிப்போகும்.

இந்த ஹெக்ஸேன் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? கல்லீரல் அதை வெளியேற்றுவதற்காக மாற்றும்போது 2,5-ஹெக்ஸேன்டயோன் என்ற இன்னொரு பொருள் உண்டாகிறது. நரம்பைக் கெடுப்பது அதுதான். நரம்பு இழைக்குள்ளே நீளவாக்கில் ஓடும் நுண்ணிய புரத நூல்களை அது ஒன்றோடொன்று பிணைத்துவிடும். நூல்கள் அங்கங்கே சிக்குண்டு குவிந்து, அந்த இடத்தில் நரம்பு வீங்கிவிடும். அதற்கு அப்பால் இருக்கிற பகுதிக்குப் போகவேண்டியது போய்ச்சேராது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை போகிறவை. அதனால்தான் முதலில் விரல் நுனி, பிறகு பாதம், கணுக்கால் என்று காலுறை போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. பிறகு கைவிரல். மதமதப்போடு பலக்குறைவும் சேரும்போது பாதம் சரியாகத் தூக்க வராது, படியில் இடறும். அம்மா இடறியது கவனக்குறைவால் என்று யாராவது வீட்டில் திட்டியிருந்தால் அதை மறந்துவிடச் சொல்லுங்கள்.

எல்லா டின்னிலும் ஹெக்ஸேன் மட்டும்தான் இருக்கும் என்றில்லை. டொலுயீன், எம்.ஈ.கே. என்று சுருக்கமாகச் சொல்லும் மெத்தில் எத்தில் கீட்டோன், அசிட்டோன் எல்லாம் கலந்திருக்கும். இதில் எம்.ஈ.கே.யைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். அது தனியாக நரம்பை இப்படிக் கெடுப்பதில்லை, ஆனால் ஹெக்ஸேனோடு சேர்ந்தால் ஹெக்ஸேனின் கெடுதலை அதிகமாக்கிவிடும். அமெரிக்காவில் தொழிற்கூடக் காற்றில் ஹெக்ஸேனுக்குச் சட்டம் விதித்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கு. அதே நாட்டின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் 50 பங்குக்கு மேல் கூடாது என்கிறது. ஜன்னல் சாத்திய வீட்டு அறையை யார் அளக்கப் போகிறார்கள்?

"தெருவில் எத்தனை பேர் ஒட்டுகிறார்கள்" என்ற கேள்விக்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே பாதிக்கப்பட்டவர்களும் உங்கள் அம்மாவைப் போலவே வீட்டிலும் சின்னக் கூடங்களிலும் உட்கார்ந்து செருப்பு ஒட்டியவர்கள். 1950களில் அங்கே ஒருவகைப் பெண்கள் செருப்பு மிகப் பிரபலமாக இருந்தது. அதை ஒட்டப் பயன்பட்ட பசையில் பென்சீன் என்ற கரைக்கும் திரவம் இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் டோக்கியோவில் வீட்டுத் தொழிலாளர்களுக்கு ரத்தம் ஊறாமல் போனது, உயிரிழப்பும் நேர்ந்தது. 1959-ல் பென்சீன் கலந்த பசையை அரசு தடைசெய்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்றே 1970-ல் அங்கே ஒரு சட்டம் வந்ததற்கு இந்தச் சம்பவம்தான் தொடக்கம்.

பென்சீனை எடுத்துவிட்டு என்ன போட்டார்கள்? ஹெக்ஸேன். சில ஆண்டுகளில் மியே மாநிலத்தில் செருப்பு ஒட்டுபவர்களுக்குக் கால் மரத்து, நடை தளர ஆரம்பித்தது. யாமமுரா என்ற மருத்துவர் 1969-ல் வெளியிட்ட ஆய்வில் அப்படிப்பட்டவர்கள் 93 பேர். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், வேலை கொடுக்கும் ஏஜென்ட் "இதில் பென்சீன் கிடையாதும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லக்கூடும். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பென்சீன் இல்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

பென்சீன் இருக்கிறதா என்றும் கேட்கத்தான் வேண்டும். இஸ்தான்புல்லில் செருப்புத் தொழிலாளர்களைப் பார்த்துவந்த முசாஃபர் அக்சோய் என்ற மருத்துவர், பென்சீன் பசையோடு வேலை செய்தவர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோயோ அதற்கு முந்தைய நிலையோ வந்ததை 1974-ல் எழுதினார். ஆகவே அம்மாவுக்கு ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை பார்க்கும் சாதாரண சி.பி.சி. பரிசோதனையும் ஒன்று எடுத்துவிடுங்கள். செலவு அதிகமில்லை.

சரி, அதே தெருவில் மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை? யார் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள், யார் அறைக்குள்ளே, எத்தனை மணி நேரம், எந்த டின் என்பதைப் பொறுத்தது. அதோடு, வரவில்லை என்று எப்படித் தெரியும்? கால் மதமதப்பை வயசுக் கோளாறு, ஈரத்தில் நின்றது, சத்துக்குறைவு என்று சொல்லிப் பொறுத்துக்கொள்கிற பெண்கள் எத்தனை பேரை நானே பார்த்திருக்கிறேன். அப்பாவையே பக்கத்து வீடுகளில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒன்று மறக்காதீர்கள். முதல் வாக்கியமே "அம்மா இரண்டு வருடமாகச் சொல்யூஷன் ஒட்டுகிறார்" என்று இருக்கட்டும். ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-ல் ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளோடு "என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக்கொள் என்று அதில் சொன்னார். முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, எங்களில் பலர் இன்னும் அதைக் கேட்பதில்லை. வீட்டிலிருக்கும் பெண் என்றால் "ஹவுஸ் ஒய்ஃப்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். வைட்டமின் ஊசி போட்ட மருத்துவரிடம் வேலையைப் பற்றி யாரும் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அவர் மேல் கோபப்பட வேண்டாம்.

டின்னில் ஒட்டியிருக்கும் லேபிளை எல்லாப் பக்கமும் தெளிவாக போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். லேபிளே இல்லாத டின் என்றால், எந்தக் கம்பெனி பசை என்று ஏஜென்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாப் பசைக்கும் அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் பாதுகாப்புத் தாள் ஒன்று இருக்கும். கேட்டால் கொடுக்கவேண்டும்.

வேலூர் உங்களுக்குப் பக்கம். சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நரம்பியல் பிரிவில் காட்டி, நரம்புகளில் மின்துடிப்பு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்கும் என்.சி.எஸ். பரிசோதனைக்குக் கேளுங்கள். பி12 அளவு, தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள், பார்க்கவேண்டும். தொழுநோயிலும் உணர்வு மங்கும், ஆனால் பெரும்பாலும் அது திட்டுத்திட்டாகத்தான் வரும். அதையும் ஒருமுறை பார்த்து இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது. ஹெக்ஸேன்டயோனைச் சிறுநீரிலும் அளக்கலாம், ஆனால் வேலையை நிறுத்திச் சில நாளிலேயே அது வெளியேறிவிடும். பரிசோதனைக்காக இன்னும் இரண்டு நாள் ஒட்டலாமே என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தப் பதிலிலேயே முக்கியமானது இனிமேல் சொல்லப்போவதுதான், அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். அம்மா வேலையை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் வரை மதமதப்பு கூடலாம். முன்பு பாதத்தில் இருந்தது கணுக்காலுக்கு மேலே ஏறலாம், நடை இன்னும் தளரலாம். ஏற்கெனவே அடிபட்ட நரம்பு இழைகள் நுனியிலிருந்து உதிர்ந்து முடிவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும். எரிபொருளை நிறுத்தினாலும் வண்டி கொஞ்ச தூரம் உருண்டுதானே நிற்கும், அது மாதிரி. இது தெரியாத வீடுகளில் என்ன ஆகிறது என்றால், "வேலையை விட்டும் அதிகமாகத்தானே ஆச்சு, அப்போ சொல்யூஷன் காரணமில்லை" என்று முடிவுகட்டி அந்த அம்மாவை மறுபடி டின் முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு இளைஞன் இப்படி இரண்டு முறை விட்டு இரண்டு முறை திரும்பப் போனான். மூன்றாம் முறை அவனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அழைத்துவந்தார்கள். வேலையை நிறுத்திய தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் வரை கூடினால் கலங்கவேண்டாம், ஆனால் மருத்துவரிடம் சொல்லிக்கொண்டே இருங்கள்.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் திரும்பும். நரம்பு வளர்வது புல் வளர்வதைவிட மெதுவானது. லேசான பாதிப்பு என்றால் சில மாதத்தில், அதிகமாக இருந்தால் ஒன்றிரண்டு வருடத்தில். மிகக் கடுமையாக இருந்தவர்களுக்குக் கொஞ்சம் மிச்சம் நின்றுவிடுவதும் உண்டு. இதற்கு முறிவு மருந்து கிடையாது. பி12 குறைவாக இருந்தால் ஊசி போடவேண்டியதுதான், ஆனால் அது ஹெக்ஸேன் பாதிப்பைக் குணமாக்காது. பாலும் வெல்லமும் நல்ல சாப்பாடு, இளைத்துப்போன அம்மாவுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ரத்தத்தில் ஏறிய ஆவியை அவை முறிக்காது. சாப்பிட்டாச்சே என்ற தைரியத்தில் வேலையைத் தொடர்வதுதான் அதிலுள்ள ஆபத்து.

பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் கால் பயிற்சிகளைச் செய்யட்டும். உணர்வு திரும்பும்வரை அம்மாவின் பாதத்தை இரவில் ஒருமுறை நீங்கள் பார்த்துவிடுங்கள். முள், கொப்புளம், சூடு பட்டது எதுவும் அவருக்குத் தெரியாது. சுடுதண்ணீரைக் காலில் ஊற்றுவதற்கு முன்னால் யாராவது கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

மாஸ்க் பற்றிக் கேட்டிருந்தீர்கள். துணி மாஸ்க், கொரோனா காலத்து மாஸ்க், என்-95 எதுவும் இந்த ஆவியைத் தடுக்காது. அவை தூசியையும் துளியையும்தான் பிடிக்கும். ஆவிக்கென்று கரி நிரப்பிய குப்பி வைத்த ரப்பர் மாஸ்க் உண்டு. ஆனால் அது முகத்தில் இறுக்கமாகப் பொருந்தவேண்டும், கரி நிறைந்ததும் குப்பியை மாற்றவேண்டும். வீட்டில் யாரும் அதை ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை. காற்றோட்டமும் வேறு பசையும்தான் வழி. தண்ணீரில் கரைந்த லேடெக்ஸ் பசைகள் இந்தத் தொழிலிலேயே புழக்கத்தில் இருக்கின்றன. காய்வதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும் என்பதால் ஏஜென்ட் முணுமுணுக்கலாம்.

அக்காவை இப்போது அந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லுங்கள். டின், பிரஷ், துடைத்த துணி எல்லாம் வீட்டைவிட்டுப் போய், கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, நெடி முழுக்க நீங்கிய பிறகு வரட்டும். டொலுயீன் தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குப் போகும். கர்ப்ப காலத்தில் அதைப் போதைக்காக முகர்ந்த பெண்களின் குழந்தைகளுக்கு, குடிப்பழக்கம் உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு வருவது போன்ற முக அமைப்பு மாற்றமும் வளர்ச்சிக் குறைவும் கண்டிருக்கிறார்கள். முன்பு எப்போதாவது வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போயிருந்தால் அதற்காகப் பயப்படாதீர்கள், அது வேறு அளவு. ஆனால் அந்த அறையில் தினமும் படுத்துத் தூங்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. ஹெக்ஸேன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். அம்மா தரையில் உட்கார்ந்து ஒட்டுகிறார் என்றால் அவர் மூச்சு விடும் உயரத்தில்தான் அது இருக்கிறது. தவழும் குழந்தைக்கு இன்னும் மோசம். அப்படி ஊர்ந்துபோகிற ஆவி அடுப்பையோ சாமி விளக்கையோ ஊதுபத்தியையோ தொட்டால், நெருப்பு அதே வழியில் திரும்பி டின்னுக்கு வந்துவிடும். வீட்டில் மிச்சம் இருக்கும் டின்னை இன்றைக்கே வெளியே எடுத்து வைத்து, ஏஜென்டிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

அப்புறம், கையில் ஒட்டிய பசையைப் போக்க அம்மா தின்னரோ பெட்ரோலோ போட்டுத் துடைப்பார் என்று நினைக்கிறேன், எல்லோரும் செய்வதுதான். தோல் வழியாகவும் அது உள்ளே போகும், தோலும் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். தின்னரையும் மண்ணெண்ணெயையும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் உங்கள் தெருவில் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிடவேண்டும்.

கடைசியாக, அம்மாவுக்குப் பதில் நான் ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கூடாது, மகளே. லீவு நாள் மட்டும் என்றாலும் அதே அறையில், அதே சொல்யூஷனோடு கூடாது. உங்களுக்கும் அதே நரம்புதான்.

வருமானம் நின்றுபோவது சின்ன விஷயமில்லை, அது எனக்குத் தெரியும். ஆம்பூரில் கையால் தைக்கிற வேலையும் வீடுகளுக்கு வருகிறதல்லவா? ஒட்டுகிற வேலைக்குப் பதில் அதைக் கொடுங்கள் என்று ஏஜென்டிடம் அப்பா போய்க் கேட்கட்டும். மதமதப்பு கைக்கு வராமல் இருந்தால், உடம்பு கொஞ்சம் தேறியதும் அம்மா அதைச் செய்யலாம். காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. வீட்டிலிருந்து செய்பவர் எப்படிப் பதிவு செய்வது, என்ன உதவி கிடைக்கும் என்று தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். மருத்துவச் சீட்டுகளை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், பிறகு தேவைப்படும்.

என்.சி.எஸ். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதில் இருக்கும் எண்கள் புரியாவிட்டால் தாளை அப்படியே அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.